நின்ற இடம்: 1858-இன் மதுரைப் படங்களை மறுபடி எடுத்தபோது

மதுரையைப் படம் எடுக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. விடியலில் யானைமலைக்கு எதிரே முக்காலி விரிப்பவர்கள், சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குள் இறங்கி நிற்பவர்கள், வண்டியூர் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தை டிரோன் விட்டு எடுப்பவர்கள் என்று பெருங்கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருவன். ஆனால் இந்தப் படங்களை ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் கையில் எடுத்தால், அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? எங்கே நின்று எடுத்தது, எந்தத் திசையைப் பார்த்தது, எந்த மாதம், என்ன நேரம் என்ற விவரம் எதுவும் பெரும்பாலான படங்களோடு இல்லை. இந்த விவரம் இல்லாத படம் ஊருக்குச் சாட்சி சொல்லாது என்பது என் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது, லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858-இல் மதுரையில் எடுத்த படங்கள்.

படம் எடுத்தவரும் படங்களும்

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று அங்கே படம் எடுத்தார். 1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. கோயில்கள், கோட்டைகள், கல்வெட்டுகள் சிதைவதற்குள் அவற்றைப் பதிவு செய்து வைப்பதுதான் வேலை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே 1857 சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத காலம் அது. மதுரையில் அவர் வேலை செய்தது 1858-இன் முதல் சில மாதங்களில். அதே ஆண்டில் மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளியாயின.

அந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு மதுரைக்காரருக்கு உடம்பு சிலிர்க்கும். தரைப்பாலத்தோடு வைகை, யானைமலையின் முனைப்பக்கத் தோற்றம், புதுமண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரம், ராயகோபுரம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், தமுக்கம், இன்று நாம் விளக்குத்தூண் என்று சொல்லும் பிளாக்பர்ன் நினைவுத்தூண், மீனாட்சி கோயிலின் நகைகள். மலை, ஆறு, அரண்மனை, கோயில் எல்லாம் ஒரே தொகுப்பில் வந்துவிட்டன. விலங்குகளும் பறவைகளும் மட்டும் இல்லை. அன்றைய முறையில் அசையும் எதையும் பிடிக்க முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கியவரும் இவர்தான். வரிசை தப்பாமல், இடைவெளி விடாமல், ஒரே தூரத்தில் நகர்ந்து நகர்ந்து எடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவரின் படங்களில் நின்ற இடத்தைத் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிறந்தது. இந்த வேலை நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார்.

அதே இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய படத்தின் இடத்திலேயே நின்று மறுபடி எடுப்பது புதிய வித்தை இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் எடுத்த நிலக்காட்சிகளை, மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் 1977 முதல் 1979 வரை இதே போலத் திரும்ப எடுத்தார்கள். அடிப்படை எளியது. ஒரு காட்சியில் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒன்றையொன்று எவ்வளவு மறைக்கின்றன என்பது கேமரா நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது. லென்ஸ் மாறினால் காட்சி அகலும், குறுகும், மறைப்பு மாறாது. ஆகவே பழைய படத்தில் இரண்டு மூன்று மறைப்புகளைக் குறித்துக்கொண்டு, அவை கண்ணெதிரே அதேபோல் சேரும்வரை முன்னும் பின்னும் நடக்க வேண்டும். இடம், வலமாக ஓரடி தள்ளினாலே பக்கத்துப் பொருள் நகர்ந்துவிடும். தூரத்துக் கோடு அப்படியே நிற்கும்.

நிற்கும் இடம் கிடைத்தபின் நேரத்தைத் தேட வேண்டும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே போய்விடும். மே, ஜூனில் கட்டடங்களின் வடக்கு முகத்தில் உச்சிவெயில் விழுவது அதனால்தான். டிரைப் இங்கே இருந்தது ஜனவரியை ஒட்டிய மாதங்களில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், நிழல் வடக்கே நீளும். நல்ல வெயில் அடிக்கிறதே என்று மே மாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நிழலும் பொருந்தாது. தை, மாசிதான் இதற்குச் சரியான காலம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், நிறம். டிரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகிதத்தில் எடுக்கும் எதிர்ப்படம், அதாவது நெகட்டிவ். அகலம் ஏறக்குறைய 15 அங்குலம், உயரம் 12 அங்குலம். கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறை நம் வெயிலுக்கு ஒத்துவராது. காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த வெள்ளி உப்பு நீல ஒளியை மட்டும்தான் நன்றாக உணரும். வானம் வெளுத்துப்போகும். செம்மண், காவி, இலைப்பச்சை எல்லாம் கறுத்துவிடும். நான் எடுத்த வண்ணப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, சிவப்பையும் பச்சையையும் அறவே விலக்கி, நீலத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். யானைமலை சட்டென்று 1858-இன் மலை போலவே இருண்டு நின்றது.

யானைமலை

மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றைப் பாறை அது. முனைப்பக்கம் போய் நின்றால் அந்த நீளமெல்லாம் சுருங்கி, ஒன்றன் பின் ஒன்றாகத் திரண்ட முதுகுகளாகத் தெரியும். முன் திமில் பின் திமிலை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த அளவுகோல். பாறை நகராது, வளராது. 167 வருஷத்துக்கு அப்புறமும் அந்த விளிம்புக்கோடு நம்பத்தக்கது. படத்தின் நகலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, விளிம்புக்கோட்டின் மேல் மேடும் பள்ளமும் வந்து உட்காரும்வரை வரப்பில் நகர்ந்துகொண்டிருந்தேன்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“என்ன தம்பி, மலைய அளக்குறீங்களா?”

“இல்லைங்கய்யா, இது பழைய படம். இத எந்த எடத்துல நின்னு எடுத்தாங்கன்னு பாக்குறேன்.”

படத்தை வாங்கி, கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் தெக்க போகணும் தம்பி. அந்த மொழி தெரியுது பாருங்க, அது இங்க நின்னா தெரியாது.”

அவர் சொன்னது சரி. தெற்கே போகப் போக, பாறையில் மூட்டுப்போலப் புடைத்திருந்த அந்த மொழி மெல்ல வெளியே வந்து, படத்தில் இருக்கும் இடத்தில் பொருந்தியது. மலையைத் தினமும் ஒரே வரப்பிலிருந்து பார்க்கிறவரின் கண்ணுக்கு எந்தச் செயலியும் ஈடில்லை. ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து மக்கள் இந்த மலையை எவ்வளவு நெருக்கமாக அறிவார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2010-ஐ ஒட்டி, மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது, ஊரே திரண்டு எதிர்த்தது. திட்டம் கைவிடப்பட்டது. கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நரசிங்கப் பெருமாள் குடைவரையும், சமணர் படுக்கைகளும், தமிழ் பிராமி எனப்படும் தமிழி எழுத்தும் உள்ள பாறை அது.

ஒப்பிட்டுப் பார்த்ததில் மலையின் உருவில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சாதாரண முடிவு போலத் தோன்றலாம். ஆனால் மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் குழிகளான மாவட்டம் இது. அந்தக் குன்றுகளுக்கும் இப்படி ஆளுக்கொரு படம், எடுத்த இடத்தோடும் தேதியோடும் இருந்திருந்தால், எவ்வளவு வெட்டினார்கள் என்ற கேள்விக்கு அளந்து பதில் சொல்லியிருக்கலாம். மாறாத மலையை மாறவில்லை என்று பதிவு செய்வதும் வேலைதான். அடுத்த ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆறும் ஊரும்

வைகைப் படத்தில் தரைப்பாலம் இருக்கிறது. இன்று ஏ.வி. பாலம் என்று நாம் சொல்லும் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆற்றைக் கடக்க இதுதான் வழி. ஊர் தென்கரையில் இருப்பதால் வடகரையில் நின்று எடுத்திருக்கிறார். அந்தக் கரையைப் பொருத்துவது பெரும்பாடு. இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டுவிட்டார்கள். ஆறு ஒடுங்கிவிட்டது, மணல் இருந்த இடத்தில் கோரையும் கருவேலமும்.

வடக்கிலிருந்து மதுரையைப் பார்க்கும் பழைய படங்களுக்குக் கோபுரங்களைக் குறிப்புள்ளியாக வைப்பது இயல்பு. அதில் ஒரு எச்சரிக்கை தேவை. மீனாட்சி கோயிலின் வடக்குக் கோபுரம் அன்று மேல்தளங்கள் இல்லாத மொட்டைக் கோபுரம். 1878-இல்தான் நகரத்தார் அதைக் கட்டி முடித்தார்கள். அதற்கு முந்தைய படங்களில் அதன் உச்சியைத் தேடினால் கணக்கே குழம்பும். இதற்கு நேர் எதிர் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கியது, அடித்தளத்தோடும் நெடுந்தூண்களோடும் நின்றுபோனது, அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பொருத்திப் பார்ப்பவனுக்கு அதைவிட நல்ல புள்ளி கிடையாது. எழுகடல் தெருவில் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே முக்காலிக்கு இடம் பிடிப்பதுதான் பாடு.

விளக்குத்தூணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளுக்கு வழி செய்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக வைத்தது. நகரம் சுவரை உடைத்து வெளியே வளர்ந்ததன் அடையாளம். இன்று ஜவுளிக் கடைகளின் பெயர்ப்பலகைகளும் மின்கம்பிகளும் சூழ்ந்து, தூண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பலகைகளை வெட்டி ஒதுக்கி எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும். நான் ஒதுக்கவில்லை. பலகைகளும் 2020-களின் மதுரைதான். அடுத்தவர் ஒப்பிடும்போது அவைதான் தேதி சொல்லும்.

மகால் படங்கள் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் அதைப் பழுதுபார்த்தார்கள். டிரைப் படம் எடுத்தது அதற்குச் சில வருஷங்கள் முன்பு, சிதைந்து கிடந்த நிலையில். இன்று முற்றத்தில் நின்று நாம் ரசிக்கும் சுதை வேலையில் எவ்வளவு நாயக்கர் காலத்தது, எவ்வளவு நேப்பியர் காலத்தது என்று பிரித்துப் பார்க்க அந்தப் படங்கள் துணை செய்யும். தூண்களுக்கு நடுவே டிரைப் நின்ற இடத்தில் இன்று ஒலி ஒளிக் காட்சி பார்க்க வருபவர்கள் உட்காருகிறார்கள்.

படம் சொல்லாத விஷயங்கள்

பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. ‘அப்பவெல்லாம் மதுரையில ஆளே இல்ல பாரு’ என்பார்கள். ஆள் இருந்தார்கள். எதிர்ப்படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி காட்ட வேண்டும் என்பதால் நடந்து போனவர்கள் பதியவே இல்லை. ‘மரமெல்லாம் எவ்வளவு அடர்த்தி’ என்பார்கள். பச்சை நிறம் கறுத்துப் பதிவதாலும், காற்றில் ஆடும் இலைகள் கலங்கி ஒன்றாகிவிடுவதாலும் அப்படித் தெரியும். போதாததற்கு டிரைப் எதிர்ப்படத்தின் மேல் வண்ணம் தீட்டி இலைகளைத் திருத்துவார். அவருடைய வானத்தில் மிதக்கும் மேகங்கள் பலவும் தூரிகையால் வந்தவை. வெளுத்த வானம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அன்று மழை வந்ததா என்று அந்த மேகத்திடம் கேட்கக்கூடாது.

சுவர் எங்கே நின்றது, கரை எங்கே முடிந்தது, பாறையின் கோடு எப்படி ஓடியது, இவற்றைக் கேட்கலாம். அசையாதவற்றைப் பற்றி இந்தப் படங்கள் நேர்மையாகப் பேசுகின்றன.

கேமராவோடு கோயிலுக்குள் போக முடியாததையும் சொல்லிவிடுகிறேன். கோயில் நகைகளைப் படம் எடுக்க டிரைப்புக்கு வாய்ப்பு கிடைத்தது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி செல்போனே உள்ளே போக முடியாது. பாதுகாப்புக்காக வந்த கட்டுப்பாடு. அதை மதிக்க வேண்டும். ஆனால் கோயில் நிர்வாகமே வருஷத்துக்கொரு தடவை, குறித்த இடங்களிலிருந்து, குறித்த திசைகளில் ஒரு தொகுப்பு எடுத்து வைக்கலாம். தீயில் என்ன போனது என்று கேட்டால் காட்ட அப்படி ஒன்று வேண்டும்.

அரிட்டாபட்டி: இடத்தை மறைக்க வேண்டிய படம்

இதுவரை சொன்னதெல்லாம் நின்ற இடத்தைத் துல்லியமாக எழுதி வைப்பது பற்றி. பறவைகளிடம் போகும்போது இது தலைகீழாகும்.

மேலூர் வட்டத்தில் இருக்கும் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்து 193.215 ஹெக்டேர். ஏழு குன்றுகள், ஏரிகள், சுனைகள், குடைவரைச் சிவன் கோயில், மகாவீரர் சிற்பம், தமிழிக் கல்வெட்டு, சுமார் 250 வகைப் பறவைகள். அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து மூன்றும் வேட்டைப் பறவைகள், பாறை உச்சிகளை ஆள்பவை. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இங்கே என்ன பறவை இருக்கிறது என்று தேதியோடு காட்டும் படங்களுக்கு இத்தகைய நேரத்தில் எவ்வளவு மதிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கூட்டின் படத்தை இடத்தோடு வெளியிட்டால் அடுத்த வாரமே பாறைக்குக் கீழே கூட்டம் சேரும். ஷாஹீன் வல்லூறு பாறை விளிம்பில் குச்சிகூட அடுக்காமல் முட்டையிடும். மாசி வெயிலில் அந்தப் பாறையைக் கையால் தொட முடியாது. முட்டைக்கு நிழல் தாய்ப்பறவையின் உடம்பு மட்டும்தான். ஆள் நடமாட்டம் கண்டு அது எழுந்து வட்டமடித்துக்கொண்டே இருந்தால், கீழே கிடப்பது வெந்துபோகும். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கேமரா வைத்திருப்பதால் அதற்கு விலக்கு எதுவும் கிடையாது.

அதனால் பறவைப் படங்களுக்கு நான் பின்பற்றுவது வேறு வழி. கேமராவும் செல்போனும் கோப்புக்குள் எழுதிவிடும் இடக்குறிப்பை, வெளியிடும் நகலில் அழித்துவிடுவேன். ‘மேலூர் வட்டம், தை மாதம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முழு விவரத்தோடு மூலக்கோப்பு என்னிடம் இருக்கும். ஆய்வாளரோ வனத்துறையோ கேட்டால் கொடுக்கலாம். ஈபேர்ட் போன்ற பறவைப் பதிவுத் தளங்களே, ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கின்றன. எடுக்கும்போதும் தூரம் விட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் பாறையிலிருந்து எழும் கானல், எவ்வளவு பெரிய டெலி லென்ஸ் வைத்திருந்தாலும் படத்தைக் கலக்கிவிடும். கிட்டே போனால் தெளியும் என்று தோன்றும் நேரம் அதுதான். அப்போது மூட்டை கட்டிவிட்டுக் கிளம்புவது பறவைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. பறவையைத் தனியே பெரிதாக்கி எடுப்பதைவிட, குன்றின் முழு முகத்தையும் வைத்து அதில் பறவை சிறிதாகத் தெரியும்படி எடுப்பது எனக்குப் பிடிக்கும். அந்தப் பாறை இல்லாமல் அந்தப் பறவை இல்லை என்பது படத்திலேயே தெரியும்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு படத்துக்கும் நான் குறித்துக்கொள்வது கொஞ்சம்தான். நின்ற இடம், தரையிலிருந்து லென்ஸின் உயரம், பார்த்த திசை, தேதியும் நேரமும், ஏதாவது திருத்தியிருந்தால் அது என்ன என்பது. இடத்தைச் செயற்கைக்கோள் எண்ணாக மட்டும் எழுதினால் போதாது. செல்போன் சில மீட்டர் பிசகும். ‘ராயகோபுரத்தின் தென்புறத் தூணுக்குக் கிழக்கே, படிக்கட்டின் மூன்றாம் படி’ என்று மனிதர் படித்துப் போய் நிற்கும்படி எழுத வேண்டும். நின்ற இடத்தையே செல்போனில் ஒரு படம் எடுத்து மூலக்கோப்போடு சேர்த்து வைக்கிறேன். திருத்தத்தை மறைக்காமல் எழுதுவது மிக முக்கியம். டிரைப்பின் மேகங்களைப் பற்றி இன்று தைரியமாகப் பேச முடிவது, அவர் திருத்திய எதிர்ப்படங்கள் இன்னும் இருப்பதால்.

அடுத்து எனக்கு மிச்சம் இருப்பது புதுமண்டபம். தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த அந்த வசந்த மண்டபத்தின் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். டிரைப்பின் பக்கவாட்டுத் தாழ்வாரப் படத்தில் இருக்கும் தூண் வரிசையைத் துணிமூட்டைகளின் மறைப்பு இல்லாமல் எடுக்க முடியும் என்ற நிலை இப்போதுதான் வருகிறது. அவர் மேற்கிலிருந்து எடுத்திருக்கிறார்; அந்தக் கோணத்துக்கு நிழல் பொருந்துவது தை மாதத்தில். மதுரைக்காரர்கள் யாரிடமாவது, அங்கே துணி தைக்கக் கொடுத்த நாளிலோ பள்ளிப் புத்தகம் வாங்கப் போன நாளிலோ எடுத்த படம் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், தேதியையும் எந்தத் தூணருகே எடுத்தது என்பதையும் அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். கடைகளோடு இருந்த மண்டபம் 1858 படத்திலும் இல்லை, நான் எடுக்கப்போகும் படத்திலும் இருக்காது. நடுவில் விட்டுப்போன அந்தக் காலம் உங்கள் ஆல்பத்தில்தான் இருக்கிறது.